உப்புப் பார்த்தவர்

நம் பேச்சில் உப்பை யாரும் ருசிப்பதில்லை, பார்க்கிறார்கள். அடுப்பருகே நிற்பவர் கரண்டியை நீட்டி, "கொஞ்சம் உப்புப் பாரு" என்பார். வாங்கியவர் அதை நாக்கில் விட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். பார்க்கச் சொன்னதும் கண்ணை மூடிக்கொள்கிற வேலை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

கிலோ சார் கண்ணைத் திறந்துகொண்டே உப்புப் பார்த்தார். ஆறு மாதம், வாரத்துக்கு ஆறு நாள், முப்பத்தெட்டுப் பேர் சாப்பிடும் குழம்புக்கு அவர்தான் உப்புப் பார்த்தார். ஒரு நாள்கூடக் கூடியதில்லை, குறைந்ததில்லை. அவருடைய நாக்குக்கு ருசி தெரியாது என்பது அந்த முப்பத்தெட்டுப் பேரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் அவரே.

முப்பத்தொரு வருஷம் அவர் ஓர் ஆலையின் எடைமேடையில் இருந்தவர். தரையோடு தரையாகப் பதித்த இரும்புப் பலகை மேல் லாரி வந்து நிற்கும். பக்கத்து அறையில் எண் தெரியும். அதைப் பார்த்துச் சீட்டு எழுத வேண்டும். அறைக்கு ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. விசிறியை ஜன்னல் பக்கம் திருப்பினால் சீட்டு பறக்கும், நாற்காலிப் பக்கம் திருப்பினால் கழுத்து வலிக்கும். முப்பத்தொரு வருஷமும் கழுத்து வலித்தது. ஒரு சீட்டும் பறக்கவில்லை.

வெறும் வண்டி உள்ளே போகும், சரக்கோடு வெளியே வரும். லாரிக்காரர்கள் ஜன்னலில் தலையை விட்டு, "கொஞ்சம் பாத்துப் போடுங்க சார்" என்பார்கள். "பாத்துத்தான் போடறேன்" என்பார் இவர். அவர்கள் கேட்டது ஒரு பார்வை, இவர் பார்த்தது வேறொரு பார்வை. ஒரே லாரிச் சரக்கை அவர் இரண்டு முறை எடைபோட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமை என்று சொல்ல முடியாது. பெருமைப்படுவதற்கும் ஒரு ருசி வேண்டும். அது அவருக்கு முதலிலிருந்தே குறைவு.

கையில் எதைக் கொடுத்தாலும் தூக்கிப் பார்த்து எடை சொல்லுவார். பூசணிக்காய், பிள்ளைத்தாய்ச்சியின் பெட்டி, பக்கத்து வீட்டுக் குழந்தை. "பதினொண்ணே கால்" என்பார். பதினொன்றே காலாகத்தான் இருக்கும். கிலோ சார் என்ற பெயர் அப்படி வந்தது. ஓய்வு பெற்ற அன்று, மற்றவர்களுக்கெல்லாம் சுவர்க் கடிகாரம் கொடுத்த ஆலை நண்பர்கள், இவருக்கு மட்டும் சமையலறையில் வைக்கும் சின்னத் தராசு ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். "வீட்டுக்குப் போனா மட்டும் சும்மாவா இருக்கப் போறீங்க?" என்றார்கள். அவர் வீட்டுக்குப் போய்ச் சும்மாதான் இருந்தார்.

வீட்டில் மனைவி இல்லை. மகளின் பிரசவத்துக்கு என்று மூன்று மாதத்துக்குப் போனவர். பேத்தி பிறந்தாள், பேரன் பிறந்தான், மகளுக்கு வேலை கிடைத்தது, மருமகனுக்கு முதுகுவலி வந்தது. இப்போது நாலு வருஷம். நடுவில் இரண்டு முறை வந்து, பாத்திரங்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானம் செய்ய நாலு பேர் வந்திருப்பார்கள், காரியம் முடிந்திருக்கும். சண்டையே இல்லாத பிரிவைத் தீர்த்துவைக்க யாரைக் கூப்பிடுவது?

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் வரும்.

"சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. ஆச்சு."

"மத்தியானம் என்ன?"

"அதேதான்."

"சரி, உடம்பப் பாத்துக்குங்க."

"பாத்துக்கறேன்."

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் படுத்திருந்தார். பத்தாவது நாள் எழுந்து கஞ்சி வைத்துக் குடித்தார். வெந்நீர் மாதிரி இருந்தது. உப்புப் போட மறந்துவிட்டோம் என்று நினைத்துப் போட்டார். மீண்டும் போட்டார். மூன்றாவது முறை போடும்போது கையை நிறுத்திக்கொண்டார். காய்ச்சல் போனவர்களுக்கெல்லாம் ருசி திரும்பி வந்தது என்று கேள்விப்பட்டார். தனக்கும் வரும் என்று ஒரு மாதம் பார்த்தார், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். காரம் மட்டும் எரிந்தது. அது ருசி அல்ல, வலி.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் கிளம்பி வந்துவிடலாம். நோய்க்காக வந்தவர் என்றாகிவிடும். அல்லது, "அடடா, நல்ல டாக்டராப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வராமலும் இருந்துவிடலாம். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தார். எந்தத் தட்டு தாழும் என்று தெரிந்துகொள்ள அவருக்குத் துணிவில்லை. தெரியாத வரைக்கும் இரண்டும் சமம்.

அதற்கப்புறம் அவர் சாப்பிட்டது மணியைப் பார்த்துத்தான். அடுப்பருகே நின்றபடியே, பாத்திரத்திலிருந்தே. பசித்ததா என்று கேட்டால் யோசித்துச் சொல்வார். உப்புச் சப்பில்லாத வாழ்க்கை என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வோம். அவருக்கு அது பேச்சு இல்லை.

குடியிருப்பு நாலு கட்டடம், கட்டடத்துக்குப் பத்து வீடு. ஒரு நாள் சுகாதார நிலையத்து நர்ஸம்மா சைக்கிள் கொட்டகையில் மேசை போட்டு உட்கார்ந்து எல்லாருக்கும் பிரஷர் பார்த்தார். பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை மூடிவிட்டு, "இங்க யாருக்காவது பிரஷர் இல்லாம இருக்கா?" என்று கேட்டார். மூன்றாம் கட்டடத்து டிரைவர், "இந்த மேசைக்கு இல்ல" என்றார். அவருக்குத்தான் எல்லாரையும்விட அதிகம்.

கிலோ சாரை எடைக் கருவியில் நிற்கச் சொன்னார்கள். நிற்பதற்கு முன்னால், "அறுபதரை" என்றார். அறுபதரைதான் காட்டியது. "முன்னாடி எவ்வளவு இருந்தீங்க?" "அறுபத்தொம்பதே முக்கால்." நர்ஸம்மா இரண்டையும் எழுதிக்கொண்டார்.

தனித்தனியாகச் சொல்லிப் பயனில்லை என்பது நர்ஸம்மாவின் கட்சி. "இருபது வருஷமா சொல்றேன். தலைய ஆட்டிட்டுப் போய் வீட்ல ஊறுகாயத் தொறப்பீங்க. மனுஷன மாத்த முடியாது. பாத்திரத்த மாத்தலாம்." அப்படித்தான் பொது அடுப்பு வந்தது. சைக்கிள்கள் வெயிலுக்குப் போயின. கொட்டகைக்கு இரண்டு பெரிய அடுப்பும், ஏதோ பள்ளிக்கூடம் கழித்துக்கட்டிய பெஞ்சுகளும் வந்தன. மத்தியானம் ஒரு வேளை எல்லாருக்கும் ஒரே சமையல். அரிசி, பருப்பு, நிறையக் காய், எண்ணெய் பேருக்கு. சோற்றுக்கும் பொரியலுக்கும் உப்பு கிடையாது. உப்பு குழம்பில் மட்டும். ஆளுக்கு ஒன்றரை கிராம்.

இன்னொரு விதியும் உண்டு. கடைசித் தட்டில் சோறு விழுகிறவரை யாரும் கை வைக்கக் கூடாது. பக்கத்து மூஞ்சியைப் பார்த்து நாலு வார்த்தை பேசிக்கொண்டு சாப்பிட்டால் ஆள் மெதுவாகச் சாப்பிடுவான், அளவாகச் சாப்பிடுவான் என்பது நர்ஸம்மாவின் கணக்கு. மெதுவாகச் சாப்பிட்டார்கள். பேச்சு மட்டும் அளவில் நிற்கவில்லை.

முதல் இரண்டு வாரம் உப்புச் சண்டை. சமையலுக்குத் தலைமை தையலம்மா. முதல் கட்டடத்தில் மெஷின் வைத்து ரவிக்கை தைப்பவர். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். அவர் உப்புப் பார்த்தால் டிரைவருக்குக் குறைவு. டிரைவர் பார்த்தால் நர்ஸம்மாவுக்கு மயக்கம்.

"உப்பு போட்டுச் சாப்பிடற மனுஷனுக்குத்தான் சொரணை வரும்பாங்க" என்றார் டிரைவர். "எங்க சொரணைய ஒன்றரை கிராமுக்குக் கொண்டாந்து நிறுத்திட்டீங்களே, இது நியாயமா?"

"இருந்த சொரணைய வெச்சு நீங்க என்னத்தக் கிழிச்சீங்க?" என்றார் தையலம்மா.

"மூணு வாரம் பொறுங்க" என்றார் நர்ஸம்மா. "குறைஞ்ச உப்புக்கு நாக்கு பழக மூணு வாரம் ஆகும். அப்புறம் பழைய சாப்பாட்ட நீங்களே துப்புவீங்க."

"அதுவரைக்கும் இதத் துப்பலாமா?"

இந்தச் சண்டை நடந்த பெஞ்சின் ஓரத்தில் கிலோ சார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நேற்றுக் கரித்ததையும் சாப்பிட்டார், இன்று சப்பென்று இருந்ததையும் சாப்பிட்டார். தையலம்மாவின் கண் அவர்மேல் விழுந்தது. "இத்தன பேர்ல சாப்பாட்டப் பத்தி ஒரு வார்த்த குறை சொல்லாத மனுஷன் இவர் ஒருத்தர்தான். இனிமே இவர் உப்புப் பாக்கட்டும்." அபிப்பிராயமே இல்லாதவரைத் தீர்ப்பு சொல்லப் போட்டார்கள். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. அவருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

மறுநாள் தராசோடு வந்தார். ஐம்பத்தேழு கிராம் உப்பை நிறுத்து ஒரு டம்ளரில் வைத்தார். பருப்பும் காயும் கொதித்ததும் கொட்டிக் கலக்கினார். கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினார். மூன்று எண்ணும் நேரம் சுவரைப் பார்த்தார். "சரியா இருக்கு" என்றார்.

தினமும் இதேதான். நக்குவதை அவர் விட்டிருக்கலாம். ஆனால் தராசை நம்பாத கூட்டம் நாக்கை நம்பியது. தராசு காட்டியதை நாக்கு சொன்னதாக அவர் சொன்னார். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. உப்பை அவர் பார்த்தார் என்பதில் சந்தேகமில்லை.

மூன்று வாரத்தில் டிரைவரின் வாய் ஓய்ந்தது. ஆறாவது மாதம் நர்ஸம்மா மறுபடியும் மேசை போட்டார். பத்தொன்பது பேருக்குப் பிரஷர் இறங்கியிருந்தது. டிரைவருக்கு மாத்திரை பாதியானது. "மாத்திரையா குறைச்சது? கிலோ சார் நாக்கு குறைச்சது!" என்று அவரே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கிலோ சார் கருவியில் ஏறி, "அறுபத்தஞ்சே கால்" என்றார். ருசி தெரியாமலேயே நாலே முக்கால் கிலோ ஏறியிருந்தது. நின்றுகொண்டு சாப்பிடுவதற்கும் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு இருக்கும் போலிருக்கிறது.

இதற்குள் அந்தக் கொட்டகையில் ஒரு சொல் இடம் மாறிவிட்டது. ‘உப்புப் பார்ப்பது’ என்றால் நிறுப்பது, கொட்டுவது, கலக்குவது, நக்குவது, தீர்ப்பு சொல்வது எல்லாம் சேர்ந்து என்று ஆகிவிட்டது. யாரும் முடிவு செய்யவில்லை. அது பாட்டுக்கு ஆனது. "உப்புப் பாத்தாச்சா?" என்றால் போட்டாகிவிட்டதா என்று அர்த்தம்.

அன்று பதினொரு மணிக்குப் போன் வந்தது. மனைவி அந்த நேரத்தில் பேசுவதே இல்லை. கிலோ சார் உப்பை நிறுத்து டம்ளரில் வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே சைக்கிள்களுக்கு நடுவில் போய் நின்றார்.

"ஏங்க, ஒண்ணுமில்ல. சாயங்காலம் இங்க வீட்ல ஆள் இருப்பாங்க, அதான் இப்பவே சொல்லிடலாம்னு."

"சொல்லு."

"லீவுக்கு வரேன்னு சொல்லியிருந்தேன்ல. பேத்திய ஸ்கூல்ல சேக்கணுமாம். இந்த வருஷமும் முடியாது போலருக்கு."

"சரி."

"கோவமா?"

"இல்ல."

"அடுத்த வருஷம் பாக்கலாங்க."

"பாக்கலாம்."

போனை வைத்துவிட்டு அவர் ஒரு சைக்கிளின் சீட்டைக் கையால் துடைத்தார். யாருடைய சைக்கிள் என்று தெரியாது. நெஞ்சில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். இருந்த மாதிரி தெரியவில்லை. உள்ளே போனார்.

குழம்பு காத்திருக்காதே என்று தையலம்மா டம்ளரிலிருந்த உப்பைக் கொட்டிக் கலக்கி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். ஆறு மாதத்தில் முதல் முறையாக அந்தச் சொல்லை அதன் பழைய அர்த்தத்தில் சொன்னார்: "அண்ணே, உப்புப் பாத்துடுங்க." சொல்லிவிட்டுக் கீரை கழுவப் போய்விட்டார்.

கிலோ சார் கவிழ்ந்த டம்ளரைப் பார்த்தார். இன்னும் நிறுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். தராசை எடுத்தார். ஐம்பத்தேழு கிராம். கொட்டினார், கலக்கினார், உள்ளங்கையை நக்கினார், சுவரைப் பார்த்தார்.

"சரியா இருக்கு."

ஒரே லாரிச் சரக்கை இரண்டு முறை எடைபோட்டாகிவிட்டது.

பெஞ்சுகளில் முப்பத்தெட்டுத் தட்டுகள் நிறைந்தன. கடைசித் தட்டில் சோறு விழுந்தது. எல்லாரும் ஒன்றாகப் பிசைந்து ஒன்றாக வாயில் வைத்தார்கள். விதி அப்படி. அதனால் நின்றதும் ஒன்றாகவே நின்றது. ஆறு மாதம் உப்பைக் குறைத்துப் பழகிய நாக்குகளுக்கு அது கடல். முப்பத்தேழு கைகள் தட்டிலும் அந்தரத்திலும் அப்படியே நின்றன. கொட்டகை இப்படி அமைதியாக இருந்ததே இல்லை.

அந்த அமைதியில் ஒரு கை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கிலோ சார் பிசைந்தார், உருட்டினார், வாயில் வைத்தார், மென்றார். பிறகு எட்டிக் கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டார்.

டிரைவர்தான் முதலில் வாய் திறந்தார், தண்ணீர் குடித்துவிட்டு. "கிலோ சார், கப்பல் ஏதாவது வருதா? கடலையே கொண்டாந்து ஊத்தியிருக்கீங்களே!"

கிலோ சார் நிமிர்ந்தார். எல்லா முகமும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு" என்றார். பழக்கம்.

தையலம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தட்டை, அவர் கையை, மறுபடியும் அவர் முகத்தை. பிறகு சட்டென்று எழுந்தார். "ஐயோ, என் புத்தியச் செருப்பால அடிக்க! அண்ணன் போட்ட அப்புறம் நானும் ஒரு தடவ போட்டுட்டேன். அவர் பாக்கறப்ப சரியாத்தான் இருந்துச்சு. எல்லாரும் தட்ட அப்படியே வைங்க, பருப்ப வேகவெச்சு நீட்டிடலாம்."

"அப்ப இவர் மட்டும் எப்படிக்கா சாப்பிடறார்?"

"உன்ன மாதிரியா? தட்டுல விழுந்தத மரியாதையாச் சாப்பிடற மனுஷன். வாய மூடிட்டு உருளைக்கிழங்கு உரி."

டிரைவர் உரித்தார். உப்பில்லாத பருப்பு ஒரு பாத்திரம், உருளைக்கிழங்கு நாலு கிலோ. சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதம், குழம்பு நாளைக்கும் மிச்சம். வேறு சேதம் இல்லை.

எல்லாரும் போன பிறகு தையலம்மா பெஞ்சைத் துடைக்கிற துணியோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"எத்தன நாளா?"

கிலோ சார் மறைக்கவில்லை. மறைப்பதற்கும் தெம்பு வேண்டும். "ரெண்டு வருஷம்."

"ஒண்ணுமே தெரியாதா? இனிப்பு, புளிப்பு?"

"காரம் எரியும்."

"அப்ப ஆறு மாசமா என்னத்தப் பாத்தீங்க?"

"உப்பத்தான் பாத்தேன்."

"எதால? கண்ணாலயா?"

"ஆமா."

தையலம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் துணியால் வாயைத் துடைத்துக்கொண்டார். அது பெஞ்சுத் துணி. "பத்தொம்போது பேருக்கு பிரஷர் இறக்கிவிட்டிருக்கீங்க. நாக்கு இருக்கற ஒருத்தரால இது முடிஞ்சிருக்காது, அது வேற விஷயம்." பிறகு, "அண்ணிக்குத் தெரியுமா?" என்றார்.

"இல்ல."

"ஏன் சொல்லல?"

அவர் யோசித்தார். "சொன்னா வருவாளா மாட்டாளான்னு தெரிஞ்சு போயிடும்."

தையலம்மா துணியை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அண்ணி எனக்குப் பேசுவாங்க. உங்களப் பத்தித்தான் கேப்பாங்க. நான் பொய் சொல்ல மாட்டேண்ணே. எனக்கு அது வராது."

இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் முப்பத்தாறு பேர் முன்னிலையில் கூசாமல் சொன்னவர் இதைச் சொன்னார். இரண்டையும் மனசாரத்தான் சொன்னார்.

"இன்னைக்கு வெள்ளி" என்றார் கிலோ சார்.

"ஆமா. நாளைக்கு ஒரு நாள் இருக்கு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வரவில்லை; மகள் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். சனிக்கிழமை ஏழு மணிக்கு வந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"எனக்கு ருசி தெரியல" என்றார் அவர். அவ்வளவுதான் தயார் செய்து வைத்திருந்தார். முன்னும் பின்னும் எதுவும் இல்லை. "ரெண்டு வருஷமா. அந்தக் காய்ச்சல்லேர்ந்து."

அந்தப் பக்கம் டிவி சத்தம் கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம். பிறகு டிவி கேட்கவில்லை.

"தெரியும்" என்றார் மனைவி.

கிலோ சார் போனைக் காது மாற்றினார்.

"போன வருஷம் ஒரு டப்பா இனிப்பு குடுத்தனுப்பினேன்ல, ஞாபகம் இருக்கா? சர்க்கரையே போடல. பேசிக்கிட்டே கிண்டினதுல மறந்துட்டேன். டப்பா போன அப்புறம்தான் மிச்சத்த வாயில போட்டுப் பாத்தேன். தூக்கிப் போட்டுடுங்கன்னு சொல்லத்தான் போன் பண்ணேன். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்க, நல்லா இருந்துச்சு, இனிப்பு அளவா இருந்துச்சுன்னீங்க."

"ஆமா. சொன்னேன்."

"ஒண்ணு உங்களுக்கு ருசி போயிருக்கணும். இல்ல, என்கிட்ட உண்மை பேசற பழக்கம் போயிருக்கணும். எதுன்னு கேக்க பயமா இருந்துச்சு. நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன்."

இவர் இங்கே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் அங்கே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் தினமும் ஏழு மணிக்கு. இந்த நேரத்தில் கிலோ சாருக்குத் துக்கமோ கோபமோ வந்திருக்க வேண்டும். வரவில்லை. தட்டு தாழ்ந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"ஏங்க."

"ம்."

"வரட்டுமா?"

முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் மனைவியிடம் ‘வா’ என்று சொல்லும்படி நேர்ந்ததில்லை. மனைவி கூடவே இருந்தார், அதனால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இல்லாமல் போனார், அதனால் சொல்லிப் பழக்கமில்லை. அவர் தனக்குத் தெரிந்த கணக்கைச் சொன்னார்.

"இங்க முப்பத்தெட்டுப் பேர். ஐம்பத்தேழு கிராம். நீ வந்தா ஐம்பத்தெட்டரை."

"என்னது?"

"உப்பு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சளியாகவும் இருக்கலாம்.

"பேத்திய ஸ்கூல்ல சேத்துட்டு வரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தையலம்மாவுக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. திங்கட்கிழமை கிலோ சார் நர்ஸம்மாவிடமும் சொன்னார். நர்ஸம்மா டாக்டரிடம் அனுப்பினார். வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். மனைவியைப் பற்றியும் அதையேதான் இவர் நாலு வருஷமாகச் சொல்லி வந்தார். கொட்டகையில் விஷயம் தெரிந்தபோது டிரைவர் மட்டும் கொஞ்சம் நொந்துபோனார். தன் மாத்திரையைப் பாதியாக்கியது ஒரு நாக்கு என்று நம்பியவர், அது ஒரு தராசு என்று ஏற்றுக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று. வேலை பிரிந்தது. கிலோ சார் நிறுப்பார், தையலம்மா நக்கிப் பார்ப்பார். உப்புப் பார்ப்பது பழையபடி கண்ணை மூடிக்கொள்ளும் வேலையாக ஆனது.

மாசம் பிறந்து திங்கட்கிழமை வருவதாக மனைவி சொல்லியிருந்தார். அன்று கிலோ சார் ஐம்பத்தெட்டரை கிராம் நிறுத்தார். பேரனுக்குச் சளி, வரவில்லை. செவ்வாய்க்கும் ஐம்பத்தெட்டரை. புதனுக்கும் ஐம்பத்தெட்டரை. எடைமேடைக் காலத்தையும் சேர்த்து, இல்லாத சரக்குக்கு அவர் சீட்டு எழுதியது அந்த மூன்று நாள்தான். அந்த மூன்று நாளும் சாப்பாடு பிரமாதம் என்றார் டிரைவர்.

வியாழக்கிழமை காலையில் மனைவி வந்து இறங்கினார். கொஞ்சம் இளைத்திருந்தார், தலை கொஞ்சம் வெளுத்திருந்தது. "மெலிஞ்சுட்டீங்க" என்றார். "அறுபத்தஞ்சே முக்கால்" என்றார் கிலோ சார். ஒரே ஒரு பை. எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்கவில்லை. கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். ஏழு கிலோ இருக்கும். பத்து நாளைக்கான துணி.

மத்தியானம் கொட்டகையில் பெஞ்சின் ஓரத்தில் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். தையலம்மா, "அண்ணி இப்படி வாங்க, அந்தப் பக்கம் உக்காந்தா டிரைவர் பேசியே கொன்னுடுவார்" என்றார். முப்பத்தொன்பது தட்டு. கடைசித் தட்டில் சோறு விழுந்தது. எல்லாரும் ஒன்றாகக் கை வைத்தார்கள்.

மனைவி முதல் வாயை மென்றார். நிறுத்தினார். சுற்றிலும் எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிடுவதைப் பார்த்தார். கணவர் பக்கம் சாய்ந்து, மற்றவர் காதில் விழாமல், "உப்பே இல்லீங்க" என்றார்.

"சரியா இருக்கு" என்றார் கிலோ சார். "பழக மூணு வாரம் ஆகும்."

மனைவி அவரைப் பார்த்தார். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் பிசைவதை நிறுத்தியிருந்தது.

"மூணு வாரமா?"

"நர்ஸம்மா சொன்னாங்க."

மனைவி இன்னொரு வாய் எடுத்து மெதுவாக மென்றார்.

"சரி" என்றார். "பாக்கலாம்."